வளைந்த மினுக்கு அட்டைகள்

கலர்க்காரர் என்று தெருவே கூப்பிட்டதால், ஆள் ஏதோ பகட்டாக உடுத்தித் திரிகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவரிடம் இருந்தவை எல்லாம் சாம்பல் நிறச் சட்டைகள். அவற்றிலும் சில, வெளுத்து வெளுத்து எந்த நிறத்திலும் சேராமல் போனவை. பெயின்ட் கடையில் வண்ணம் கலக்குவது அவர் வேலை. சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, இதே கலர் வேண்டும் என்று கேட்பார்கள். இயந்திரம் கலந்து கொடுத்துவிடும். அதை ஒரு குச்சியில் தொட்டு, சில்லின் பக்கத்தில் தீற்றி, காயும்வரை காத்திருந்து, கடை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னும் ஒரு சொட்டு மஞ்சள் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறவர் அவர். வீட்டுக்கு வரும்போது நகக்கண்ணில் ஏதாவது ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்றைக்கு எந்த மகராசன் வீட்டுக்கு இந்தக் கண்ராவிப் பச்சை என்று அவர் மனைவி கேட்பாள். அந்த வீட்டில் பேச்சு பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும்.

அவருக்கு மினுக்கு அட்டைப் பைத்தியம் பிடித்தது மகளால்தான். மகளை வீட்டில் பாப்பா என்பார்கள். படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அவள் பாப்பாதான். அவள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பிள்ளைகளெல்லாம் 'ஏழு கோட்டை' என்ற விளையாட்டின் பொட்டலங்களை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். டிராகன், சூனியக்காரி, அரக்கன், வாள் பிடித்த வீரன் என்று அட்டைக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு பலம். பொட்டலத்தைப் பிரிக்கும்வரை உள்ளே யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. எப்போதாவது ஒன்றில் சாதா அட்டைக்குப் பதிலாக மெல்லிய உலோகத் தாள் ஒட்டிய ஃபாயில் அட்டை வரும். பிள்ளைகள் அதற்கு மினுக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். நச்சரிப்புத் தாங்காமல் அவர் பாப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த முதல் பொட்டலத்திலேயே ஒரு மினுக்கு இருந்தது.

டிராகன் வரும் என்று நினைத்திருந்தாள் பாவம். வந்தது ஒரு எலி. இரண்டு காலில் நின்றுகொண்டு, ஒரு சுரங்கத்துக்குள் விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்தது. பாப்பா அவசரத்தில் பொட்டலத்தைப் பல்லால் கிழித்ததில் அட்டையின் ஒரு மூலையில் பல்லும் பதிந்துவிட்டது. எலி வந்ததற்கு ஒரு அழுகை, பல் பட்டதற்கு ஒரு அழுகை. அவளைச் சமாதானப்படுத்தத்தான் அவர் அட்டையைக் கையில் வாங்கி அசைத்துக் காட்டினார். விளக்கின் ஒளி சுரங்கத்தின் சுவரில் தவழ்ந்து போயிற்று. திருப்பிச் சாய்த்தால் திரும்பி வந்தது. நாள் முழுக்க டப்பாவுக்குள் அசையாமல் கிடக்கும் நிறங்களைப் பார்த்துச் சலித்தவருக்கு, நிறம் இப்படி நடமாடும் என்பதே புதிது. பாப்பா தூங்கிப்போன பிறகும் மனிதர் அட்டையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பாப்பாவுக்கு அட்டை வாங்குகிற ஆசை வந்த வேகத்தில் போய்விட்டது. அப்பாவுக்குப் போகவில்லை. பொண்ணு வளந்துட்டா, அப்பாதான் இன்னும் வளரல என்று மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அவருக்கு ஆட்டம் ஆடத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் முனையவில்லை. மினுக்குகளை மட்டும் சேர்த்தார். சாதா அட்டைகளைக் கொடுத்துவிட்டு மாற்றாக மினுக்கு வாங்குவார். எல்லாம் ஒரு செருப்புப் பெட்டிக்குள் போகும்.

மினுக்குகளுக்கு ஒரு பெரிய நோய் உண்டு. அட்டையில் பாதி காகிதம், பாதி உலோகத் தாள். காற்றில் ஈரம் ஏறினால் காகிதம் உப்பும், தாள் உப்பாது. அட்டை வளைந்துகொள்ளும். சேர்க்கிறவர்களுக்கு இதைக் கண்டாலே வயிறு எரியும். மழைக்காலம் வந்துவிட்டால் அப்பாவும் மகளும் அந்த வீட்டில் வேறு வேலை பார்த்ததில்லை. இரண்டு தரை ஓடுகளுக்கு நடுவில் அட்டைகளை அடுக்கி, மேலே திறக்காத பெயின்ட் டப்பா ஒன்றைத் தூக்கி வைப்பார்கள். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் பாப்பா ஓடிவந்து, நிமிந்துடுச்சாப்பா என்று கேட்பாள். அவர் டப்பாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தூங்குது, இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்பார். அவள் விடுதியில் தங்கிப் படிக்கப் போனபிறகு அவருக்கும் அலுத்துவிட்டது. அட்டைகள் தங்கள் இஷ்டத்துக்கு வளைந்துகொண்டு கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போவது அட்டைக் கடைக்கு. நீளமான மேசைகள், மங்கிய குழல் விளக்கு, மேசைக்கு இருபுறமும் மீசை முளைக்காத பிள்ளைகள். அவர்களுக்கு நடுவே வயதானவர்கள் இரண்டே பேர். ஒருவர் இவர். மற்றவர் பஸ் கண்டக்டர். வேலை முடிந்து சீருடையோடு வந்து உட்கார்ந்து, தோற்றால் பிள்ளைகளிடமே சண்டைக்குப் போகிற ஆள். சேர்ப்பதில் நம்பிக்கை இல்லாதவர், ஆடுவதில்தான் உயிர். ஒருமுறை ஏதோ போட்டிக்குப் போனபோது அவரை முதல் சுற்றிலேயே துரத்திவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலை அவர் கலர்க்காரரிடம்தான் கொட்டினார்.

"என் கட்டுல ஒரே ஒரு மினுக்கு டிராகன் சார். லேசா வளைஞ்சிருந்துச்சு. நடுவர் கட்டைக் கவுத்து வச்சு, ஓரத்துல கட்டை விரலை ஓட்டுனான். பாக்காமலே டிராகனை உருவி எடுத்துட்டான். வளைஞ்ச கார்டு கையிலேயே காட்டிக் குடுத்துடுமாம். அதனால அது கள்ளக் கார்டாம். எப்படி இருக்கு கதை?"

கலர்க்காரர் உச்சுக்கொட்டிவிட்டு மறந்துபோனார். அது நினைவுக்கு வர வேண்டிய காலம் பின்னால் வந்தது.

அந்தக் காலம் ஒரு படுக்கையறைச் சுவரில் தொடங்கியது. ஒரு வாடிக்கையாளருக்கு முதலில் கலந்து கொடுத்த நீலம் தீர்ந்துபோய், அதே நீலத்தில் இன்னொரு டப்பா கேட்டார். இவர் கலந்தார், தீற்றினார், வாசலில் பிடித்துப் பார்த்தார், சரி என்றார். மறுநாள் அந்த ஆள் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். ஒரே சுவர், பாதி ஒரு நீலம், பாதி வேறு நீலம். யார் பார்த்தாலும் தெரிகிற வித்தியாசம். கலர்க்காரருக்கு மட்டும் தெரியவில்லை. படத்தை அருகில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். முதலாளி நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து இவரைப் பின்கட்டில் டப்பா எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கண் ஆஸ்பத்திரியில், நரம்பு பட்டுப்போய்க்கொண்டு வருகிறது என்றார்கள். சொட்டு மருந்து, தடித்த கண்ணாடி. போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார் டாக்டர். ஒவ்வொரு முறை போகும்போதும் அவர் எலியை மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு எடுத்துச் செல்வார். காத்திருக்கும் கூடத்தில் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து, எலியை எடுத்துச் சாய்த்துப் பார்ப்பார். விளக்கு தவழ்ந்தால் மனசுக்குள் ஒரு தெம்பு. பக்கத்து நாற்காலிக்காரர்கள் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்திருக்கலாம். அது அவருக்குத் தெரிய வழியில்லை.

வீட்டில் அவர் உண்மையைச் சொல்லவில்லை. அப்படியேதான் இருக்காம் என்பார், திரும்பத் திரும்ப அதையே சொல்வார். மனைவி நம்பினாளோ இல்லையோ, அதற்கு மேல் தோண்டவில்லை. உலகம் அவருக்கு எண்ணெய்த் தாள் வழியாகத் தெரிவதுபோல் ஆகிக்கொண்டு வந்தது. உருவம் தெரியும், முகம் தெரியாது. அப்போதுதான் ஒரு நாள் பெட்டியில் கை விட்டவர், விரலில் பட்ட கூனலை வைத்தே, இது டிராகன் என்று சொல்லிப் பார்த்தார். முகத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். டிராகன்தான். கண்டக்டர் சொன்ன கள்ளக் கார்டு ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு அவருக்கு வந்த சந்தோஷம் அந்த வருஷத்திலேயே பெரிய சந்தோஷம்.

அதற்குப் பிறகு விடுவாரா? கொஞ்சநஞ்சப் பார்வை இருக்கும்போதே எல்லாவற்றையும் விரலுக்கு ஏற்றிவிட வேண்டும் என்று வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்தார். டிராகன் முதுகைக் கூனிக்கொண்டிருக்கும். பனிக்கோட்டைச் சூனியக்காரி ஒரு மூலையை மட்டும் தூக்கிக்கொண்டிருப்பாள். உறங்கும் அரக்கன் எதிர்ப்பக்கமாகக் குழிந்து, தொட்டில் மாதிரி இருப்பான். ஒன்றைப்போல் ஒன்று வளைந்திருக்கவில்லை. பாப்பாவோடு சேர்ந்து எந்த நோயை விரட்டப் பாடுபட்டாரோ, அந்த நோய்தான் இப்போது அவருக்குத் துணை. கண்ணை மூடிக்கொண்டு தொடுவார், பெயரைச் சொல்வார், திறந்து சரிபார்ப்பார். சரிபார்க்க முடியாமல் போன நாளில், சரிபார்க்கத் தேவையும் இல்லாமல் போயிருந்தது. கண் போனாலும் இந்தப் பெட்டி போகாது என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் அவர் நடமாடிக்கொண்டிருந்தார்.

மனைவி ஒருமுறை பெட்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டி, இது என்னங்க சொல்லுங்க பாப்போம் என்றாள். கட்டை விரல் ஓரத்தில் ஒரு ஓட்டம் ஓடியது. சூனியக்காரி என்றார். அவள் கீழே அச்சடித்திருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, ஆமா என்றாள். இன்னொன்று நீட்டினாள். அதையும் சொன்னார். பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்று அவளே தொலைபேசியில் மகளுக்குச் சொன்னாள். கலர்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தார். பொய் சொல்லவில்லை, சொல்ல வைத்துவிட்டோம் என்று அவருக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்தது.

பாப்பாவுக்கு வேலை வானிலை ஆய்வு நிலையத்தில். காற்று எவ்வளவு ஈரமாக இருக்கிறது, எந்தப் பக்கம் வீசுகிறது என்று அளக்கிற கருவிகளைப் பராமரிப்பவள். கடல் தாண்டி ஒரு தூரத்து நிலையத்தில் அவளுக்குப் பொறுப்பான பதவி ஒன்று வந்திருந்தது. போனால் லேசில் திரும்ப முடியாது. பதில் சொல்வதற்கு முன்னால் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அவள் வருவதற்கு முந்தின நாள்தான் அவர் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனார். கண்டக்டர்தான் பஸ்ஸில் ஏற்றி இறக்கிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து எலியைச் சாய்த்தார். விளக்கு தவழவில்லை. வெயில் போதவில்லை போலிருக்கிறது என்று இடம் மாறி உட்கார்ந்து பார்த்தார். அங்கும் இல்லை. டாக்டர் கனிவாகப் பேசினார். இனி இந்தக் கண்ணாடி போட்டும் பயனில்லை என்றார். கலர்க்காரர் எலியையும் கண்ணாடியையும் கூட்டுக்குள் போட்டு மூடினார். வீட்டுக்கு வந்து அலமாரி இழுப்பறையில் எறிந்தார். அதைத் திறந்து பார்க்கிற எண்ணமே அவருக்கு இல்லை.

மறுநாள் பாப்பா வந்து உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அப்பா, எனக்கு இந்த வேலை வேணும். ரொம்ப வேணும். ஆனா உன் கண்ணு மோசமாயிட்டு இருந்தா நான் போகல. வேண்டாம்னு சொல்லிட்டு இங்கயே பக்கத்துல ஏதாவது பாத்துக்கறேன். நெஜத்தைச் சொல்லு."

அவர் நிஜத்தைச் சொல்லவில்லை. செருப்புப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். எதை வேண்டுமானாலும் எடு என்றார். அவள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, இவர் பெயரைச் சொல்லிக்கொண்டே போனார். டிராகன். அரக்கன். கல்லாகிப்போன வீரன். அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் மூச்சு விட்ட விதத்தில், பாரம் இறங்கிவிட்டது தெரிந்தது. கண்டக்டரை விரட்டிய கள்ளத்தனத்தால் தம் மகளுக்கு ஒரு வழி பிறந்தது என்று நினைத்து, உள்ளூரச் சிரித்துக்கொண்டார்.

அன்று மாலையே அவள் ஒரு வேண்டுகோளோடு வந்தாள். இந்தப் பெட்டியைக் கொஞ்ச நாள் என்னிடம் விடு, எதற்கு என்று கேட்கக் கூடாது என்றாள். அவருக்குச் சற்றுத் திக்கென்றது. ஆல்பத்தில் ஒட்டப்போகிறாள் போல என்று நினைத்தார். ஒட்டினால் என்ன, வளைவு எங்கே போய்விடப்போகிறது, வரிசைதானே மாறும் என்று தம்மைத் தேற்றிக்கொண்டார். மாட்டேன் என்று சொல்ல அவரிடம் ஒரு காரணமும் இல்லை. இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. பெட்டி கைமாறியது.

அந்த நாட்களில் அவருக்குக் கை ஓடவில்லை. உட்காருவார், எழுந்திருப்பார், விரல்கள் வேட்டி விளிம்பை நிமிண்டிக்கொண்டிருக்கும். உடம்பு சரியில்லையா என்று மனைவி கேட்டாள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று மழுப்பினார்.

பாப்பா அந்த வேலைக்குப் பதில் சொல்லியாக வேண்டிய நாளுக்கு முன்தினம், ஒரு கனமான பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். குரலில் சின்ன வயதுக் குதிப்பு இருந்தது.

"நிமிந்துடுச்சுப்பா."

அவருக்கு விளங்கவில்லை. அவளே மளமளவென்று சொன்னாள். கருவிகளைப் பத்திரமாக வைக்கிற பெட்டியில் காற்றின் ஈரத்தை ஒரே அளவில் நிறுத்துகிற சின்னப் பொட்டலங்கள் போடுவார்களாம். அதில் கொஞ்சம் கொண்டுவந்திருந்தாளாம். அட்டைகளை அதோடு சேர்த்து மூடி வைத்து, அப்புறம் ஓடு, அப்புறம் பெயின்ட் டப்பா, எல்லாம் பழைய முறைப்படி. இப்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டில் போட்டுத் திருகாணியால் முடுக்கியும் வைத்துவிட்டாள். இனி ஆயுசுக்கும் வளையாது. நீ தனியா இதைச் செய்ய மாட்டேன்னு எனக்குத் தெரியும், அதான் போறதுக்கு முன்னாடி செஞ்சுட்டேன் என்றாள்.

ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். கெட்டியான, வழுவழுப்பான, தட்டையான ஒரு பலகை. அவர் கட்டை விரல் ஓரத்தில் ஓடியது. திரும்ப ஓடியது. கூனல் இல்லை, குழி இல்லை, தூக்கிய மூலை இல்லை, கீறல் இல்லை. கடையில் அடுக்கி வைத்திருக்கிற கண்ணாடித் துண்டு மாதிரி இருந்தது. இன்னொன்றைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினார். அதுவும் அப்படியே. பெட்டிக்குள் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது.

"எப்படிப் பளபளன்னு இருக்கு பாத்தியா? எதுன்னு சொல்லு பாப்போம்," என்றாள் பாப்பா. அவள் சோதிக்கவில்லை. ஆசையாகத்தான் கேட்டாள்.

அவர் அட்டையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். பார்ப்பவர்போல் சாய்த்தார். முதல் அட்டையாக இவள் எதை எடுத்துக் கொடுப்பாள்? எல்லாம் தொடங்கியது எதில்? யோசிக்க வேறு அவகாசமும் இல்லை.

"எலி," என்றார். "விளக்கு எப்படி ஓடுது பாரு."

ஒரு கணம் சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்டது.

"ஆமாப்பா," என்றாள் பாப்பா. "எலிதான்."

இரண்டாவது அட்டையை அவள் நீட்டவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனாள். கொஞ்சம் நேரமாயிற்று. கலர்க்காரருக்கு உயிர் திரும்பி வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தார். மறுநாள் அவள் வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள் என்று மனைவி வந்து சொன்னபோது, பாத்தியா என் பொண்ணை என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

தனியாக இருக்கும்போது அந்தப் பெருமை நிற்கவில்லை. அட்டைக் கடை வாசலில் கண்டக்டரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னார். திருகாணியைக் கழற்றி வெளியே எடுத்து வைத்தால் மழைக்காலத்தில் மறுபடி வளையாதா என்று கேட்டார். வளையும் சார் என்றார் கண்டக்டர். ஆனால் பழையபடி வளையும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, புதிதாக வளையும். யார் எப்படி வளைந்திருக்கிறார்கள் என்று ஒருமுறையாவது கண்ணால் பார்த்துத்தானே விரலுக்குச் சொல்ல வேண்டும்? இருவரும் டீ குடித்தார்கள். வேண்டுமானால் நான் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்கிறேன் சார் என்று கண்டக்டர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். கலர்க்காரர் தலையை ஆட்டினார். அடுத்தவர் படித்துச் சொல்லி என்ன செய்வது, கையில் வந்து உட்கார்ந்தவர்கள் போய்விட்டார்களே.

பாப்பா கிளம்பும்வரை வீட்டை ஒழுங்குபடுத்துவதிலேயே இருந்தாள். நடைவழியில் கிடந்த முக்காலியைத் தூக்கி மூலையில் போட்டாள். உப்பு டப்பாவுக்கு மட்டும் ஒரு ரப்பர் வளையம் மாட்டினாள். சொட்டு மருந்துக் குப்பிகளில் ஒன்றைச் சுற்றித் துணி நாடா ஒட்டினாள். காலையில் செய்தித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, தனக்குத்தானே படிப்பதுபோல் தலைப்புகளை உரக்கப் படித்தாள். டீ கொடுத்தால் மேசையில் வைக்காமல் கையில் கொடுத்தாள். அம்மாவை உரித்து வைத்தாற்போல் சுத்தக்காரியாகிவிட்டாள் என்று கலர்க்காரர் கேலி செய்தார். அவள் சிரித்தாளா இல்லையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

கிளம்புகிற அன்று வாடகைக் கார் வந்து வாசலில் நின்றது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் எதற்குக் கண்ணாடி என்று இத்தனை நாள் சமாளித்தாயிற்று, மகளை வழியனுப்பும்போதும் அது இல்லாமல் போய் நின்றால் சந்தேகப்படுவாள் என்று அவருக்குத் திடீரென்று தோன்றியது. உள்ளே போய் இழுப்பறையைத் துழாவி, கூட்டை எடுத்துத் திறந்தார். கண்ணாடியை எடுக்கப் போன விரலில் வேறு ஏதோ தட்டுப்பட்டது.

மெல்லிய அட்டை. நடுவில் லேசாகத் தூக்கி, தலைப்பக்கம் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு. அவர் பெருவிரல் மூலைக்குப் போயிற்று. சின்னப் பல்லின் தடம் அங்கே இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று தாமே இதற்குள் போட்டு மூடியதைக் கலர்க்காரர் அடியோடு மறந்திருந்தார். எலி இத்தனை நாளும் இந்த இழுப்பறையில்தான் இருந்திருக்கிறது. பெட்டிக்குள் எலியே இல்லை. ஒவ்வொரு அட்டையையும் தன் கையால் நிமிர்த்திய பாப்பாவுக்கு அது தெரியாமல் இருக்குமா? எலி எங்கேப்பா என்று கேட்கத்தான் வாயெடுத்திருப்பாள். அதற்குள் இவர் எலி என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு கணத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. முக்காலி, ரப்பர் வளையம், செய்தித்தாள். விளங்கியும் ஆமாப்பா என்றாள். விளங்கியும் மறுநாள் சம்மதம் சொன்னாள்.

சுருக்கென்று ஒரு கோபம் வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. தெரிந்துகொண்டே போகிறாளே என்று தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அவளைப் போக வைக்கத்தானே இவர் இத்தனை வேலை செய்தார்? ரொம்ப வேணும் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. அவர் சொன்ன பொய் அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்ததோ, அவளுக்கும் அவ்வளவு வேண்டியிருந்திருக்கிறது. இப்போது இதைக் கொண்டுபோய் நீட்டினால் கார் நிற்கும். பெட்டிகள் இறங்கும். அவள் ஆயுசு முழுக்க இந்த வீட்டின் டப்பாக்களுக்கு வளையம் மாட்டிக்கொண்டு இருப்பாள்.

எலியைக் கூட்டுக்குள் திரும்பப் படுக்க வைத்து மூடினார். கூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

பாப்பா வந்து அவர் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. பையில் துருத்திக்கொண்டிருந்த கூட்டைப் பார்த்திருப்பாள் போல.

"கண்ணாடி போட்டுக்கலையாப்பா?"

"எதுக்கு?" என்றார் கலர்க்காரர். "நீதான் நல்லாத் தெரியறியே."

அவள் அவர் சட்டையின் மேல் பொத்தானைச் சரிசெய்துவிட்டுப் போய்க் காரில் ஏறினாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவர் கையைத் தூக்கி ஆட்டினார். வாசலில் வெள்ளையாக ஏதோ ஒன்று நகர்ந்தது, அதைப் பார்த்து விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தார். மனைவி பின்னால் வந்து அவர் தோளை மெதுவாகத் தொட்டு, மறுபக்கம் திருப்பினாள்.

"அது பால் வண்டிங்க," என்றாள். "பாப்பா இந்தப் பக்கம் போறா."

இவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று அவர் கேட்கவில்லை. அவள் திருப்பிவிட்ட பக்கமாகவே கையை ஆட்டினார்.